.டிஎஸ் என்றால் வீடியோவா, நிரலா? கோப்பு மேலாளர் வகையைத் தவறாகக் காட்டுவது பற்றி

கேள்வி: 2024 மார்ச் 4, காலை 11.05

லினக்ஸில் கோப்பின் பெயர் பெயருக்குத்தான், உள்ளே இருப்பதைப் பார்த்தே வகை தீர்மானிக்கப்படுகிறது என்று படித்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். அப்படியானால் டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய, .டிஎஸ் என்று முடியும் என் நிரல்கள் அத்தனையும் க்னோம் டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளரில் ஏன் படச்சுருள் சின்னத்தோடு நிற்கின்றன? இருமுறை சொடுக்கினால் வீடியோ இயக்கி திறந்து, ஓட்ட முடியாது என்று கைவிரிக்கிறது. உள்ளே இருப்பது இருபது வரி எழுத்து. கோப்பு மேலாளரை நீக்கிவிட்டுத் திரும்பவும் நிறுவிப் பார்த்தேன். மாற்றமில்லை. இது கோப்பு மேலாளரின் பிழையா?

பதில்: 2024 மார்ச் 4, இரவு 9.40

நீக்கி நிறுவியது வீண் வேலை. வகையைக் கண்டுபிடிப்பது கோப்பு மேலாளர் அல்ல, அது யாரோ சொன்னதைக் கேட்டுச் சின்னம் போடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் படித்தது சரி, உள்ளடக்கம்தான் தீர்மானிக்கிறது. எனவே உங்கள் கோப்பின் தொடக்கத்தில் ஏதோ குப்பை பைட் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். முனையத்தில், கோப்பின் வகையைச் சொல்லும் 'ஃபைல்' கட்டளையைக் கொடுத்து என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

2024 மார்ச் 4, இரவு 10.25

மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். எழுதி முடித்த பிறகுதான் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. வழக்கமாக என் வீட்டில் நடக்கும் வரிசையும் இதுதான்.

ஒரு பிஎன்ஜி படத்தை எடுத்தேன். அதன் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. எங்கே பார்த்தாலும் தெரியும் முத்திரை அது. பெயரின் பின்னொட்டை மட்டும் .ஜேபிஜி என்று மாற்றினேன். 'ஃபைல்' கட்டளை ஏமாறவில்லை, பிஎன்ஜி என்றே சொன்னது. கோப்பு மேலாளரோ கண்ணை மூடிக்கொண்டு ஜேபெக் என்றது. படத்தைத் திறந்தால் பட இயக்கி, 'இது ஜேபெக் கோப்பு அல்ல' என்று சொல்லி, கோப்பு எந்த இரண்டு பைட்டில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து எழுதிக் காட்டியது. அந்த இரண்டு பைட்டும் பிஎன்ஜி முத்திரையின் முதல் இரண்டு. குற்றவாளியின் கைரேகையையே ஒட்டிவைத்திருக்கிறான், ஆனால் பெயரை மட்டும் மாற்ற மாட்டேன் என்கிறான்.

ஆக, பெயருக்குத்தான் முதல் மரியாதை. பல ஆண்டுகளாக எல்லோரிடமும் நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை பேரிடம் என்று எண்ண மனமில்லை.

2024 மார்ச் 5, காலை 6.15

தூக்கம் கெட்டதற்குப் பலனாக விதிமுறையை முழுதாகப் படித்துவிட்டேன். சுருக்கிச் சொல்கிறேன்.

க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்புகள் எல்லாம் ஒரே தரவுத்தளத்தைத்தான் பார்க்கின்றன. ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் 'ஷேர்டு-மைம்-இன்ஃபோ' என்ற தொகுப்பு அது. மைம் என்றால் கோப்பு வகைக்கு வைத்த பெயர். கணினியில் யூஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் மைம் என்ற கோப்புறையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே 'பேக்கேஜஸ்' என்ற உட்கோப்புறையில் ஒரு பெரிய எக்ஸ்எம்எல் கோப்பு. எந்தப் பின்னொட்டு எந்த வகை, எந்த பைட் எந்த இடத்தில் இருந்தால் எந்த வகை என்ற ஜாதகம் முழுவதும் அதில்தான். அதை அரைத்துச் சிறிய, வேகமாகப் படிக்கக்கூடிய 'மைம்.கேஷ்' ஆக்குவது 'அப்டேட்-மைம்-டேட்டாபேஸ்' என்ற கட்டளை.

விசாரணை இப்படி நடக்கிறது. முதலில் பெயர். ஒவ்வொரு பின்னொட்டு விதிக்கும் 0 முதல் 100 வரை ஓர் எடை உண்டு, சொல்லாவிட்டால் 50. பொருந்தும் விதிகளில் எடை அதிகமானது நிற்கும். எடை சமமானால் நீளமான விதி நிற்கும். அதனால்தான் .டார்.ஜிஇசட் என்று முடியும் கோப்பு வெறும் .ஜிஇசட் ஆகிவிடாமல் தப்பிக்கிறது. இந்த வடிகட்டலில் ஒரே ஒரு வகை மிஞ்சினால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது, கோப்பைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஒன்றும் பொருந்தாவிட்டாலோ, இரண்டு வகைகள் சண்டையிட்டாலோதான் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அப்போதும் முழுதாக அல்ல. க்னோம் பயன்படுத்தும் ஜிஐஓ நூலகம் அதிகபட்சம் 4096 பைட் படிக்கும்.

இனி உங்கள் .டிஎஸ். தரவுத்தளத்தில் இந்தப் பின்னொட்டுக்கு ஏற்கெனவே இரண்டு உரிமையாளர்கள். ஒருவர் எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம், 1990களிலிருந்து டிஜிட்டல் தொலைக்காட்சியைச் சுமந்து வருபவர். இன்னொருவர் க்யூடி என்ற நிரல் நூலகத்தின் மொழிபெயர்ப்புக் கோப்பு. மைக்ரோசாஃப்ட் 2012இல் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டபோது மூன்றாவதாக ஒருவர் வந்து அதே மனையில் வீடு கட்டினார். என் கணினியில் உள்ள பதிப்பின் பட்டியலில் அவருக்குப் பட்டா இல்லை.

இரண்டு வகைகள் மோதுவதால் உள்ளே பார்க்கிறார்கள். டைப்ஸ்கிரிப்டுக்கு முத்திரை பைட் எதுவும் கிடையாது, வெறும் எழுத்து. முடிவுக்கு வர முடியாமல் உங்கள் ஜிஐஓ, பட்டியலில் முதலில் நிற்பவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது போலும். உங்களுக்குப் படச்சுருள் கிடைத்த கதை இதுவாகத்தான் இருக்கும். உங்கள் கோப்பில் குப்பை பைட் எதுவும் இல்லை. நேற்று அப்படிச் சொன்னது வீண்பழி.

2024 மார்ச் 5, காலை 6.50

ஒன்று விட்டுப்போனது. என் கேடிஇ கணினியில் அதே டைப்ஸ்கிரிப்ட் கோப்பு வீடியோவாகத் தெரியவில்லை, க்யூடி மொழிபெயர்ப்பாகத் தெரிகிறது. கேடிஇ பயன்படுத்தும் க்யூடி நூலகம் 'உள்ளே எழுத்துதான் இருக்கிறது' என்ற அளவுக்காவது யோசித்து, இரண்டு உரிமையாளர்களில் எழுத்து வகையைச் சேர்ந்தவரிடம் ஒப்படைக்கிறது. அதுவும் தவறுதான், ஆனால் மரியாதையான தவறு. சொடுக்கினால் படிக்கவாவது முடிகிறது.

2024 மார்ச் 5, மாலை 7.30

கேட்டவர் 'ஃபைல் கட்டளை எழுத்துக் கோப்பு என்று சரியாகச் சொல்கிறதே' என்று எழுதியிருக்கிறார். அதைக் கொடுக்கச் சொன்னதே நான்தான், அதுவே தவறான ஆலோசனை. 'ஃபைல்' கட்டளைக்கும் கோப்பு மேலாளருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஃபைலுக்குத் தனி நூலகம், தனி முத்திரைப் பட்டியல். பின்னொட்டை அது மதிப்பதே கிடையாது. கோப்பு மேலாளரின் மனத்தில் இருப்பதை ஃபைலிடம் கேட்பது, மாப்பிள்ளை குணத்தைப் பக்கத்து ஊர்க்காரரிடம் விசாரிப்பது போல.

கேட்க வேண்டிய ஆள்: க்னோம் என்றால் 'ஜிஐஓ இன்ஃபோ'. கேடிஇ என்றால் 'கேமைம்டைப்ஃபைண்டர்'. இந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், முனையத்தில் அப்படியே ஒட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

'எக்ஸ்டிஜி-மைம்' என்று பொதுவான ஒரு கட்டளையும் உண்டு. எல்லா வழிகாட்டிகளும் அதைத்தான் சொல்கின்றன. அதில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். அது வெறும் ஷெல் நிரல், சொந்த அறிவு கிடையாது. க்னோம் ஓடினால் ஜிஐஓவிடம் கேட்கும், கேடிஇ ஓடினால் அதன் ஆளிடம் கேட்கும், இரண்டும் இல்லை என்றால் பெர்ல் மொழியில் எழுதப்பட்ட 'மைம்டைப்' இருக்கிறதா என்று தேடும், அதுவும் இல்லாவிட்டால் கடைசியில் நம் பழைய ஃபைலிடமே போய் நிற்கும். நான் வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து இதை ஓட்டி, 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று ஒருவரிடம் வாதாடியிருக்கிறேன். எஸ்எஸ்ஹெச் வழியில் டெஸ்க்டாப் ஏது? அது ஃபைலைக் கேட்டுச் சொன்னது, அவர் ஜிஐஓ காட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் உண்மை பேசிச் சண்டை போட்டோம்.

2024 மார்ச் 6, இரவு 8.10

மருந்து. ரூட் (கணினி நிர்வாகி) அதிகாரம் தேவையில்லை.

உங்கள் வீட்டுக் கோப்புறையில் .லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் மைம், அதற்குள் பேக்கேஜஸ். இல்லாவிட்டால் உருவாக்குங்கள். அங்கே ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு எழுதுங்கள். அதில் டெக்ஸ்ட்/எக்ஸ்-டைப்ஸ்கிரிப்ட் என்று ஒரு வகை, அது வெற்று எழுத்து வகையின் உட்பிரிவு என்று ஒரு வரி, .டிஎஸ் பின்னொட்டுக்கு எடை 60 என்று ஒரு வரி. மற்ற இருவரும் 50இல் நிற்பதால் 60 போதும். சிலர் 100 போடச் சொல்வார்கள். அது கொசுவுக்குக் கோடாலி. பிறகு அப்டேட்-மைம்-டேட்டாபேஸ் கட்டளையை உங்கள் மைம் கோப்புறையின் பாதையோடு ஓட்டுங்கள். பேக்கேஜஸ் கோப்புறையின் பாதையை அல்ல, அதற்கு ஒரு படி மேலே. இந்த ஒரு படியில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. கோப்பு மேலாளரை முழுதாக மூடித் திறங்கள். சன்னலை மூடினால் போதாது, பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்.

என் கணினியில் செய்தேன். படச்சுருள்கள் போய் எழுத்துச் சின்னங்கள் வந்தன. இருபது நிமிட வேலை.

2024 மார்ச் 9, காலை 10.20

மேலே உள்ளதைச் செய்துவிட்டவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைந்த பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது. அது நிகழ்ச்சிகளை .டிஎஸ் என்றுதான் சேமிக்கும். அதை நான் மறந்தே போய்விட்டேன், மூன்று நாள் முன்பு மேதாவியாக எடை 60 போட்டபோது. நேற்று இரவு அம்மா தான் பதிவு செய்து வைத்திருந்த பாட்டுக் கச்சேரியைச் சொடுக்கியிருக்கிறார். மூன்று ஜிபி கோப்பு. எடை 60 இருப்பதால் கணினி உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை, 'இது டைப்ஸ்கிரிப்ட்' என்று எழுத்துத் தொகுப்பானிடம் கொடுத்துவிட்டது. தொகுப்பானும் கடமை தவறாமல் மூன்று ஜிபியையும் எழுத்தாகப் படிக்கத் தொடங்கியது. நினைவகம் நிரம்பி, சுட்டி உறைந்து, விசிறி கத்தத் தொடங்கியதும் அம்மா செருகியைப் பிடுங்கிவிட்டார். 'பாட்டு வரவில்லை, ஏதோ கட்டம் கட்டமாக வந்தது' என்பது காலையில் எனக்குக் கிடைத்த அறிக்கை.

பழைய விதியில் இந்தக் கோப்பு ஒருபோதும் தவறவில்லை என்பதைக் கவனியுங்கள். டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் 188 பைட் பொட்டலங்களாக வரும், ஒவ்வொரு பொட்டலமும் 71 என்ற பைட்டில் தொடங்கும். தொடக்கத்தில் ஒரு 71, 188ஆம் இடத்தில் இன்னொரு 71, 376இல் மற்றொன்று என்று பார்த்தாலே பிடித்துவிடலாம். பார்க்க விடாமல் தடுத்தது நான்.

2024 மார்ச் 9, பிற்பகல் 3.45

திருத்திய மருந்து. எடையை எடுத்துவிடுங்கள், 50ஆகவே இருக்கட்டும். மூவரும் சமமாக மோதட்டும். மோதினால்தானே உள்ளே பார்ப்பார்கள்? அதற்குப் பதில் டைப்ஸ்கிரிப்டுக்கு நாமே ஒரு முத்திரை எழுதிக் கொடுக்கலாம். கோப்பின் முதல் எழுத்துகள் 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்' என்றோ, இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்பு என்றோ, சாய்கோடும் நட்சத்திரமும் என்றோ இருந்தால் இந்த வகை என்று. என் பணிக் கோப்புறையில் பெரும்பாலான கோப்புகள் இந்த நான்கில் ஒன்றில்தான் தொடங்குகின்றன. மீதிக்கு 'கான்ஸ்ட்' என்று ஐந்தாவதும் சேர்த்தேன்.

இப்போது கச்சேரி கச்சேரியாகவும் நிரல் நிரலாகவும் தெரிகின்றன. அம்மாவிடம் சோதனை செய்யக் கொடுத்தேன், ஒரு முழுக் கீர்த்தனை கேட்டுவிட்டுத்தான் முடிவு சொன்னார்.

2024 மார்ச் 9, மாலை 5.30

முத்திரையின் முன்னுரிமையைக் குறைத்து 10 என்று போடுங்கள். நான் வழக்கமான 50இல் விட்டிருந்தேன். பின்னொட்டே இல்லாத ஒரு பைத்தான் நிரல் 'இம்போர்ட்' என்று தொடங்கியதால் டைப்ஸ்கிரிப்டாக மதம் மாறியிருந்தது. 10 போட்டாலும் அதற்குப் போட்டி இல்லாவிட்டால் இதுவே ஜெயிக்கும். பைத்தான் நிரலின் தலையில் வழக்கமான முதல் வரியை எழுதினால் பிழைத்துக்கொள்ளும். எழுதாதது என் சோம்பல்.

2024 மார்ச் 10, காலை 9.00

'பதிவுக் கோப்புகளை .எம்டிஎஸ் என்று பெயர் மாற்றிவிட்டால் சண்டையே வராதே' என்று ஒருவர் கேட்கிறார். நல்ல யோசனை, 2022 மே வரை. அந்த மாதம் வந்த டைப்ஸ்கிரிப்ட் 4.7, தொகுதிக் கோப்புகளுக்கு .எம்டிஎஸ் என்ற பின்னொட்டையும் எடுத்துக்கொண்டது. கையடக்க வீடியோ கேமராக்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தப் பெயரில் சேமித்து வருகின்றன. இவர்கள் பின்னொட்டு தேர்ந்தெடுக்கும்போது ஒரு வீடியோக்காரரையாவது அறைக்குள் உட்காரவைத்திருக்கலாம்.

.எம்2டி என்று மாற்றுங்கள். அதற்கு இன்னும் யாரும் வரவில்லை.

2024 மார்ச் 12, இரவு 9.15

இன்று செவ்வாய்க்கிழமை. அதனால் இந்தக் கதை.

2009 வாக்கில் உபுண்டு பயனர்களிடையே ஒரு புகார் சுற்றியது: செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஓபன்ஆபிஸிலிருந்து அச்சு வருவதில்லை. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். செவ்வாய், வெள்ளி பார்ப்பதற்கு அச்சுப்பொறி என்ன நம் ஊர்ப் பாட்டியா? ஆனால் புகார் உண்மை. அச்சுக்குப் போகும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் தலையில் உருவாக்கிய தேதி இருக்கும், கிழமையின் ஆங்கிலச் சுருக்கத்தோடு. வழியில் ஃபைல் கட்டளை அதைப் பார்த்து வகை சொல்ல வேண்டும். ஃபைலின் முத்திரைப் பட்டியலில் எர்லாங் மொழியின் பழைய கோப்பு வகை ஒன்றுக்கான விதி இருந்தது. ஒரு முழுத் தேதியோடு ஒப்பிட வேண்டிய விதி அது. இடைவெளிகளைச் சரியாகக் குறிக்காததால் 'டியூ' என்ற மூன்று எழுத்தோடு நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை வந்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட் எர்லாங் ஆகிவிடும், அச்சு வராது. புதன்கிழமை எல்லாம் சரியாகிவிடும், நிர்வாகி வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போவார்.

உள்ளடக்கத்தைப் பார்த்தால் தவறே வராது என்று நான்கூட நம்பினேன், போன வாரம் வரை. பெயர் சொல்வதும் ஊகம், உள்ளே பார்ப்பதும் ஊகம். ஆனால் பெயரை நான் மாற்ற முடியும்.

2024 மார்ச் 15, இரவு 11.10

இதைச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. பின்னொட்டு இல்லாத தமிழ்க் கோப்புகள் பற்றியது.

பழைய வட்டு ஒன்றிலிருந்து நண்பர் ஒருவரின் கட்டுரைகளை எடுத்தேன். விண்டோஸ் நோட்பேடில் 'யூனிகோடு' என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தவை. அந்தக் காலத்து நோட்பேடில் அதற்கு யூடிஎஃப்-16, அதாவது எழுத்தை இரண்டு இரண்டு பைட்டாக எழுதும் முறை என்று பொருள். வட்டை நகலெடுத்த மென்பொருள் பெயர்களை வெட்டிப் பின்னொட்டுகளைத் தின்றுவிட்டது, தொடக்கத்தில் இருக்க வேண்டிய பைட் வரிசைக் குறியும் இல்லை. கோப்பு மேலாளர் ஐம்பது கட்டுரைகளையும் 'இனம் தெரியாத இரும எண் கோப்பு' என்று காட்டியது. இதே நிலையில் இருந்த ஆங்கிலக் கடிதமும் அப்படித்தான். யூடிஎஃப்-8இல் இருந்த தமிழ் மட்டும் தப்பித்தது.

காரணம் தெரிந்தபோது சிரிப்பு வந்தது. முத்திரை எதுவும் பொருந்தாத கோப்பில், தொடக்கப் பகுதியில் கட்டுப்பாட்டுக் குறிகள் இருந்தால் இரும எண் கோப்பு, இல்லாவிட்டால் எழுத்து என்பது விதி. யூடிஎஃப்-16இல் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சுழியம் வரும், அது எல்லோருக்கும் தெரிந்ததே. தமிழுக்குச் சுழியம்கூட வேண்டாம். யூனிகோடில் தமிழின் இடம் 2944இலிருந்து 3071 வரை. அதில் எந்த எண்ணை 256ஆல் வகுத்தாலும் ஈவு 11. அதாவது இரண்டு பைட்டாக எழுதும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும் 11 என்ற பைட்டைச் சுமந்தே வரும். 11 என்பது பழைய அச்சு இயந்திரங்களுக்காக வைத்த 'செங்குத்துத் தாவல்' கட்டுப்பாட்டுக் குறி. அகரம் முதல் னகரம் வரை ஒரு எழுத்தும் விதிவிலக்கில்லை. இரண்டு பக்கக் கட்டுரையில் ஆயிரக்கணக்கான செங்குத்துத் தாவல்கள். அதைப் பார்த்த ஜிஐஓ, இது மனிதர் எழுதியதாக இருக்காது என்று முடிவு கட்டியதில் அதன் நியாயம் அதற்கு.

தீர்வு சுலபம்: 'ஐகான்வ்' கட்டளையால் யூடிஎஃப்-8க்கு மாற்றினேன். அங்கே தமிழ் எழுத்தின் மூன்று பைட்டுமே 127க்கு மேல், கட்டுப்பாட்டுக் குறி வர வழியே இல்லை. அல்லது .டிஎக்ஸ்டி என்று ஒட்டியிருந்தாலே போதும், பெயரோடு விசாரணை முடிந்திருக்கும். பெயருக்கு முதல் மரியாதை என்பதைத் திட்டிக்கொண்டே இந்த இழையில் எழுதத் தொடங்கினேன், அன்றைக்கு அதற்காக ஏங்கினேன்.

2024 மார்ச் 16, காலை 8.05

நேற்று எழுதியதன் தொடர்ச்சிதான், ஆனால் தலைகீழ் வழக்கு. நான் தயாரித்த இபப் மின்னூல் ஒன்றை ஒருவர் பின்னொட்டு இல்லாமல் சேமித்திருக்கிறார், அது 'ஜிப்' என்று தெரிகிறதாம். வேறொருவர் தயாரித்த நூல் அதே நிலையில் இபப் என்றே தெரிகிறதாம். 'உங்கள் நூல் போலியா' என்ற கேள்வியோடு மடல்.

இபப் என்பதே ஜிப் பெட்டிதான். அதனுள் முதல் கோப்பு 'மைம்டைப்' என்ற பெயரில், சுருக்கப்படாமல் இருக்க வேண்டும் என்று விதி. ஜிப் தலைப்பு 30 பைட், எனவே 30ஆம் இடத்தில் அந்தப் பெயர் தொடங்கும், பெயருக்கு எட்டு எழுத்து, 38ஆம் இடத்தில் 'நான் இபப்' என்ற அறிவிப்பு வெட்டவெளிச்சமாக நிற்கும். பிரிக்காமலேயே வெளியிலிருந்து படிக்கலாம். லிப்ரேஆபிஸின் ஆவணக் கோப்பிலும் (ஓடிடி) இதே ஏற்பாடு. அழகான யோசனை. நான் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த நூலைப் பிரித்து, கோப்புறையை வலச்சொடுக்கிச் 'சுருக்கு' என்று கொடுத்திருந்தேன். அது அகர வரிசையில் அடுக்கியது, மைம்டைப் கோப்பு நடுவில் எங்கோ போனது. சரிசெய்ய, முதலில் அந்த ஒரு கோப்பை மட்டும் சுருக்காமல், கூடுதல் தகவல் எதையும் சேர்க்காமல் இட்டு, பிறகு மற்றவற்றைச் சேர்க்க வேண்டும்.

போலி அல்ல. சோம்பேறி.

2024 மார்ச் 20, இரவு 7.50

இன்று வந்த கேள்வி: உலாவியில் 'கோப்புறையைத் திற' என்று கொடுத்தால் கோப்பு மேலாளருக்குப் பதில் நிரல் எழுதும் தொகுப்பான் திறக்கிறதாம், கோப்புறையின் வகையைத் தவறாகக் கண்டுபிடிக்கிறதா என்கிறார்.

இல்லை. இதில் வகை சரி, ஆள் தவறு. 'இது என்ன' என்பது ஒரு கேள்வி, 'இதை யார் திறப்பது' என்பது வேறு கேள்வி, இரண்டுக்கும் இரண்டு கோப்புகள். கோப்புறைக்கும் ஒரு வகை உண்டு, 'ஐநோட்/டைரக்டரி'. நிரல் தொகுப்பான் நிறுவப்படும்போது 'எனக்கும் கோப்புறை திறக்கத் தெரியும்' என்று பதிந்துகொள்கிறது. நீங்கள் இயல்புநிலை ஆள் யார் என்று எங்கும் சொல்லாமல் விட்டிருந்தால் அது முந்திக்கொள்ளும். வீட்டுக் கோப்புறையில் .கான்ஃபிக், அதற்குள் 'மைம்ஆப்ஸ்.லிஸ்ட்'. அதில் இயல்புநிலைப் பகுதியில் ஐநோட்/டைரக்டரிக்கு உங்கள் கோப்பு மேலாளரின் பெயரை எழுதுங்கள். முன்பு இதே பெயரில் ஒரு கோப்பு .லோக்கல் பக்கம் இருந்தது, பழைய கணினிகளில் இன்னும் கிடக்கும், அதைத் திருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். நான் வீணாக்கினேன்.

2024 மார்ச் 21, காலை 7.10

'ஏன் இவர்கள் இரண்டையும் பார்த்து, முரண்பட்டால் எச்சரிக்கக் கூடாது?' செய்தார்கள், ஐயா. க்னோம் 2 காலத்தில் பெயர் ஒரு வகையும் உள்ளடக்கம் வேறு வகையும் சொன்னால், இதைத் திறப்பது ஆபத்தாக இருக்கலாம் என்று நீளமான ஒரு பெட்டி வரும். அப்போது நான் பார்த்துக்கொண்ட அலுவலகத்தில் அந்தப் பெட்டிக்காகவே நாளுக்கு நான்கு தொலைபேசி அழைப்பு வரும், நான்கும் யாரோ பெயர் மாற்றிய படங்கள். கடைசியில் எல்லோரும் படிக்காமலே மூடப் பழகிவிட்டார்கள்.

ஒரே ஓர் இடத்தில் அந்தக் கண்டிப்பு இன்றும் மிச்சமிருக்கிறது, அது சரியும்கூட. .டெஸ்க்டாப் கோப்பு எந்த நிரலையும் ஓட்ட வல்லது. எனவே பெயர் அப்படி முடியாவிட்டால், உள்ளே அச்சு அசலாக அதுபோல் இருந்தாலும் ஜிஐஓ அதை அந்த வகையாக ஏற்காது. குடும்பப் படம் என்று பெயர் வைத்துக்கொண்டு வேறொன்று ஓடிவிடக் கூடாது அல்லவா.

2024 மார்ச் 24, இரவு 10.30

முதலில் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். எல்லாம் செய்தாராம், படச்சுருள் போகவே இல்லையாம். ஜிஐஓவும் இன்னும் வீடியோ என்றே சொல்கிறதாம். எக்ஸ்எம்எல் கோப்பை அனுப்பச் சொன்னேன், ஒரு குறையும் இல்லை. மைம் கோப்புறையின் பட்டியலை உரிமையாளர் பெயரோடு அனுப்பச் சொன்னேன். மைம்.கேஷ் ரூட்டின் பெயரில் இருந்தது, தேதி மார்ச் 6.

அன்று நான் 'ரூட் தேவையில்லை' என்று எழுதியிருந்தும், எதற்கும் இருக்கட்டும் என்று, கோப்புறை உருவாக்கியதிலிருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் ரூட் அதிகாரம் தரும் 'சூடோ'வைப் போட்டிருக்கிறார். மைம் கோப்புறையும் அதனுள் இருந்தவையும் ரூட்டுக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு தன் பெயரில் எத்தனை முறை ஓட்டினாலும் எழுத அனுமதி இல்லை என்று வந்திருக்கிறது. அந்த வரியை அவர் எனக்கு அனுப்பவில்லை, 'ஏதோ எச்சரிக்கை' என்று விட்டுவிட்டார். 6ஆம் தேதியின் எடை 60 அப்படியே உறைந்திருந்தால் படச்சுருளாவது போயிருக்க வேண்டுமே என்று குழம்பினேன். அன்று பேக்கேஜஸ் பாதையைக் கொடுத்து ஒரு முறை, மைம் பாதையைக் கொடுத்து ஒரு முறை ஓட்டினாராம். எக்ஸ்எம்எல் கோப்பை அதற்குப் பிறகுதான் எழுதினாராம்.

'சௌன்' கட்டளையால் .லோக்கல் ஷேர் மைம் முழுவதையும் தன் பெயருக்கு மாற்றி, அப்டேட்-மைம்-டேட்டாபேஸை மறுபடி ஓட்டச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து ஒரு படம் அனுப்பினார்: நாற்பது கோப்புகள், நாற்பதும் எழுத்துச் சின்னம். ஓரமாக ஒரே ஒரு படச்சுருள் மட்டும் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். 'அது மட்டும் நிஜமாகவே வீடியோ' என்றார்.